கெருடாவில் முதல் கொழும்பு வரை: ஒரு குடிவழியின் வரலாறு

தந்தையின் பெயரை அறியாதார் இலர். பாட்டன் பெயரைப் பலர் அறிவர். பூட்டன் பெயரைத் தயங்காது சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. அதற்கும் அப்பாற் சென்று வினவினால், ‘எங்கள் முன்னோர் வடக்கேயிருந்து வந்தவர்’ என்றோ, ‘அக்கரையிலிருந்து வந்தவர்’ என்றோ ஒரு பொதுவான வாக்கியமே விடையாக வரும். வந்தவர் யார், எந்த ஊரை விட்டு வந்தார், எவ்வழியால் வந்தார், எதனை நாடி வந்தார் என்னும் வினாக்கள் விடையின்றி நிற்கும். ஆடி அமாவாசையன்று தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவரையும் பெயர் சொல்லி நினைந்து எள்ளுந் தண்ணீரும் இறைக்கும் வழக்கம் தமிழரிடையே நிலவுவதால், மூன்று தலைமுறைப் பெயர்கள் ஓரளவிற்குக் காப்பாற்றப்பட்டு வந்திருக்கின்றன. நான்காந் தலைமுறை பெரும்பாலும் மறதிக்குட் போய்விடுகின்றது.

கொழும்பு மாநகரிலே இவ்வினாக்கள் மற்றெவ்விடத்திலும் பார்க்கக் கூர்மையாக எழுவன. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுட் பெரும்பாலானவை வேறோரிடத்திலிருந்து வந்து குடியேறியவை. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் பழைய குடியேற்றத்தைக் காட்டுவன. வாணிகஞ் செய்ய வந்தவரும், கப்பலில் மூட்டை சுமக்க வந்தவரும், அரசாங்க உத்தியோகத்தை நாடி வந்தவரும் முதலிற் கால்கொண்ட இடங்கள் அவை. தெற்கே கடலோரத்திலுள்ள வெள்ளவத்தையோ, இருபதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் குடும்பங்கள் பெருகி வாழத் தொடங்கிய இடம். இவ்விரு பகுதிகளிலும் வாழ்வோருட் பலர் இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர். எவ்வாறு தேடலாம், எதுவரை தேடலாம், தேடியும் கிடையாதது எதனாற் கிடையாது போயிற்று என்பவற்றை அறிவதற்கு, நன்கு அறியப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்ப்பது பயன் தரும்.

வடமராட்சியிலே, தொண்டைமானாற்றை அடுத்து, கெருடாவில் என்னும் சிற்றூர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலே அவ்வூரிற் பிறந்தவர் குமாரசுவாமி. அவர் தந்தையார் ஆறுமுகம்பிள்ளை. குமாரசுவாமி சிறுவராக இருந்த காலத்திலே நாட்டின் கரையோரப் பகுதிகள் கைமாறின. 1796ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தனர். புதிய ஆட்சியாளருக்கு இந்நாட்டு மொழிகள் தெரியா. இந்நாட்டு மக்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. இரண்டுக்கும் நடுவே நின்று பேசவல்லார்க்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று. இவ்வாய்ப்பே கெருடாவிலில் பிறந்த இளைஞரைக் கொழும்புக்கு அழைத்துவந்தது.

அந்நாளிலே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருதல் எளிய செயலன்று. புகையிரதப் பாதை இரு நகரங்களையும் முற்றாக இணைத்தது 1905ஆம் ஆண்டிலேதான். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னர், தோணியேறிக் கரையோரமாகக் காற்றை நம்பி வரவேண்டும். அன்றேல் காட்டுவழியால் நடந்தும் வண்டியிலும் பல நாட் கழித்து வரவேண்டும். அவ்வாறு வருபவர் ஊரையும் உறவையும் விட்டு வருபவராகவே கருதப்பட்டார். கடல் கடந்து வேற்று நாட்டுக்குப் போகாவிடினும், அக்கால நிலையிலே அவரும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவரே.

குமாரசுவாமி கொழும்பிலே ஆங்கிலங் கற்று அரசாங்க சேவையிற் புகுந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபோது தேசாதிபதியாக இருந்தவர் பிறவுன்றிக். கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கன் நாயக்கர் வழிவந்தவன். தமிழ் பேசத் தெரிந்தவன். அக்காலத்து அரசியற் கருமங்களிலே தமிழ் மொழிபெயர்ப்பாளரின் பணி இன்றியமையாததாயிற்று. அப்பணியிலே குமாரசுவாமி பங்குகொண்டார். அவருக்கு ‘இராசவாசல் முதலியார்’ என்னும் உயர்ந்த பட்டம் கிடைத்தது.

இவ்விடத்திலே முன்னோரைத் தேடுவார் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டிலே ‘முதலியார்’ என்பது ஒரு சாதிப் பெயராக வழங்கும். இலங்கையிலோ அது அரசாங்கம் அளித்த பதவிப் பெயர். பின்னர் கௌரவப் பட்டமாகவும் வழங்கப்பட்டது. சிங்களவருள்ளும் முதலியார்கள் இருந்தனர், தமிழருள்ளும் இருந்தனர். ஆதலால் ஒருவர் பெயரின் பின்னே ‘முதலியார்’ என்று கண்டவுடன், அவர் தொண்டைமண்டலத்திலிருந்து வந்த குடியினர் என்று முடிவு செய்தல் தவறாகும். பழம் பத்திரங்களிலே காணும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவ்வக் காலத்தில், அவ்வந் நாட்டில் என்ன பொருள் இருந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1833ஆம் ஆண்டிலே இலங்கைக்குச் சட்டநிரூபண சபை ஒன்று அமைக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டிலே அச்சபையின் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர்கள் நியமிக்கப்பட்டபோது, தமிழருக்குப் பிரதிநிதியாக நியமனம் பெற்றவர் குமாரசுவாமி முதலியாரே. இலங்கைச் சட்டசபையில் அமர்ந்த முதல் தமிழர் அவர். அடுத்த ஆண்டிலேயே, 1836இல், அவர் காலமானார். சபையில் இருந்த காலம் சிறிதெனினும், ஒரு குடும்பத்தின் பெயர் நாட்டின் எழுத்துப் பதிவுகளிலே அழியாது அமைவதற்கு அது போதுமானதாயிற்று. உத்தியோகத்தரின் பெயர்களையும் சம்பளங்களையும் ஆண்டுதோறும் நிரைப்படுத்திய அரசாங்க நூல்கள் அக்காலத்துக்கு உண்டு, வர்த்தமானிகளும் உண்டு. உத்தியோகத்தில் இருந்தவரை இவற்றால் அறியலாம். உத்தியோகத்தில் இராதவரை இவை அறியா.

குமாரசுவாமி முதலியாரைத் தொடர்ந்து அவருடைய குடும்பத்துள் வந்துசேர்ந்த இன்னொருவரும் ஊர் பெயர்ந்து வந்தவரே. அவர் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பலம். 1814ஆம் ஆண்டிற் பிறந்த அவர் இளமையிலே கொழும்புக்கு வந்தார். முதலியாரின் மகளாகிய செல்லாச்சி அம்மையாரை மணந்தார். கொழும்புக் கச்சேரியிலே காசாளராகப் பணிபுரிந்தார். தாமும் முதலியார் பட்டம் பெற்றார். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே 1857ஆம் ஆண்டில் அவர் அமைத்த சிவன் கோயிலே, அவர் பெயரால் பொன்னம்பலவாணேசுவரம் என்று இன்றும் வழங்குவது. அக்கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடக்கம் கருங்கல்லாலே திருப்பணி செய்வித்தார். 1912இல் அப்பணி நிறைவுற்றது. தந்தை செங்கல்லால் எடுத்ததை மகன் கல்லால் எடுத்தார் என்பது சமய வரலாறு மட்டுமன்று; அது ஒரு குடிவழிக்குச் சான்றுமாகும். வெளியூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, தான் திரும்பிப் போகாது இவ்வூரிலேயே நிலைத்துவிட்டது என்பதை, கோயில் எடுத்த அச்செயலைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

இனி, இக்குடும்பத்தின் பெயர்களை உற்று நோக்குதல் வேண்டும். தமிழ் மரபிலே குடும்பப் பெயர் என்பதொன்றில்லை. தந்தையின் பெயர் மகன் பெயருக்கு முன்னே நிற்கும். பாட்டன் பெயர் பேரனுக்கு இடப்படும். பேரன் என்னும் சொல்லே அதனைக் காட்டும். பாட்டனுடைய பேரை உடையவன் பேரன். பொன்னம்பல முதலியாரின் தந்தையார் அருணாசலம். முதலியாரின் புதல்வர் மூவருள் மூத்தவருக்குத் தாய்வழிப் பாட்டனாகிய குமாரசுவாமியின் பெயர் இடப்பட்டது. இளையவருக்குத் தந்தைவழிப் பாட்டனாகிய அருணாசலத்தின் பெயர் இடப்பட்டது. தந்தை அருணாசலம் பொன்னம்பலம். மகன் பொன்னம்பலம் அருணாசலம். ஏடு எதுவும் இல்லாதபோதும் இம்முறையை அறிந்தவர், ஒரு பெயரிலிருந்து அதற்கு முந்திய தலைமுறையின் பெயரை ஊகித்தறிதல் கூடும். பெயரிடும் மரபே ஒரு குறிப்பேடாக அமைந்திருந்தது.

அதே குடும்பத்தின் மற்றொரு கிளையிலே இம்மரபு மாறியதையும் காணலாம். குமாரசுவாமி முதலியாரின் மகன் முத்துக்குமாரசுவாமி. தந்தையார் இறந்தபோது அவர் சிறு குழந்தை. பின்னர் கொழும்பிலே கற்று, இங்கிலாந்துக்குச் சென்று, 1863ஆம் ஆண்டிலே பாரிஸ்டர் பட்டம் பெற்றார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அங்கே அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை என்பர். அதே ஆண்டிலே அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலண்டனிலே வெளியிட்டார். 1874இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். கென்ற் மாகாணத்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு 1877ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்த மகனே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

ஆனந்தரின் முழுப் பெயர் ஆனந்த கென்ரிஷ் முத்துக்குமாரசுவாமி என்பது. தமிழ் முறைப்படி நோக்கின் தந்தையின் பெயரே மகன் பெயருக்கு முன்னே வருதல் வேண்டும். ஆங்கில முறைப்படியோ ‘குமாரசுவாமி’ என்பது குடும்பப் பெயராகி இறுதியிலே நின்றுவிட்டது. பாட்டனின் சொந்தப் பெயர் பேரனுக்குக் குலப் பெயராயிற்று. நடுவிலுள்ள ‘கென்ரிஷ்’ என்னும் சொல் தாயின் மாகாணத்தை நினைவூட்டுவது. இவ்வாறு ஒரே பெயருக்குள் தந்தையின் வழியும் தாயின் நாடும் இரு நாட்டு வழக்கங்களும் கலந்து கிடக்கின்றன. இதனை அறியாதவர், மாமன் மக்களும் அத்தை மக்களுமாகிய ஆனந்த குமாரசுவாமியையும் பொன்னம்பலம் அருணாசலத்தையும் தொடர்பற்ற இரு குடும்பத்தினர் என்றே கொள்ளக்கூடும். அவ்விருவரையும் இணைப்பவர் செல்லாச்சி அம்மையார். அவருடைய பெயரை விட்டுவிட்டால் இக்குடிவழி இரண்டாக அறுந்துபோம்.

சேர் முத்துக்குமாரசுவாமி 1879ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்பிற் காலமானார். இரண்டு வயதும் நிரம்பாத ஆனந்தர் இங்கிலாந்திலே தாயாரிடம் வளர்ந்தார். புவிச்சரிதவியல் வல்லுநராகத் திரும்பிவந்து, 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். பின்னர் கீழைத்தேயக் கலைகளின் பெருமையை உலகுக்கு உணர்த்திய அவர், 1917இல் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகர அரும்பொருட்சாலைக்குச் சென்றார். 1947இல் அந்நாட்டிலேயே உயிர் நீத்தார். கெருடாவிலிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இலண்டன், அங்கிருந்து பொஸ்ரன் என மூன்று தலைமுறையிலே ஒரு குடிவழி உலகின் பாதியைக் கடந்தது. அதன் ஒவ்வொரு படியும் இன்று நமக்குத் தெரிகின்றது; ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தாளில் அதனை எழுதிவைத்தமையே காரணம்.

பொன்னம்பல முதலியாரின் இளைய புதல்வர் அருணாசலத்தின் வாழ்க்கை இவ்விடயத்தோடு இன்னொரு வகையிலும் தொடர்புடையது. 1853இற் பிறந்த அவர், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கற்று, போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர். பதிவாளர் நாயகமாகப் பணியாற்றிக் காணிப் பதிவுகளையும் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை முன்னின்று நடத்தி, அதன் பேறுகளைப் பற்றி விரிவான அறிக்கை வரைந்தவரும் அவரே. அம்மதிப்பின்படி அன்று இந்நாட்டின் சனத்தொகை 35 இலட்சத்துக்கு மேற்பட்டது. ஊர் பெயர்ந்து வந்த ஒரு பாட்டனின் பேரன், நாட்டிலுள்ள மக்கள் அனைவரையும் ஏட்டிலே பதியும் பணிக்குத் தலைமை வகித்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆயினும் அவ்வேடுகள் தொடங்கிய காலத்தை மறத்தலாகாது. நாடு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871இலேதான் எடுக்கப்பட்டது. பிறப்பு இறப்புகளைப் பொதுவாகப் பதியும் முறை 1867இலே தொடங்கியது. அப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது 1897இலே. அதற்கு முன்னர் பிறந்தவர்களுட் பெரும்பாலார்க்குப் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் என்பதொன்றில்லை.

அக்காலத்தவரைத் தேடுவதற்கு வேறு வழிகள் உள. கொட்டாஞ்சேனையிலே வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோயிற் பதிவேடுகள் உண்டு. ஞானஸ்நானம், விவாகம், மரணம் என்பன அவற்றிலே எழுதப்பட்டன. தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதர் குலத்தினரும் கொழும்புச் செட்டிமாருட் பலரும் தம் முன்னோரை இத்தகைய ஏடுகளாலேயே அறிகின்றனர். ஒல்லாந்தர் காலத்து வூல்பெண்டால் தேவாலயத்திலும் பழைய பதிவுகள் பேணப்பட்டன. யாழ்ப்பாணத்தவருக்கு ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகள் உண்டு; காணியையும் காணிக்குடையவரையும் அவை குறிப்பன. ஒல்லாந்தர் ஆட்சியிலே பதிவின் பொருட்டுக் கிறித்தவப் பெயரோடு எழுதப்பட்ட சைவர் பலர் என்பதையும் அவற்றைப் பார்ப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சைவக் குடும்பங்களுக்குச் சாதக ஓலையே பிறப்புப் பதிவாக விளங்கியது. பிறந்த ஆண்டும் மாதமும் நாளும் நாழிகையும் அதிலே குறிக்கப்பட்டன. அடுத்தது சீதன உறுதி. தேசவழமைச் சட்டம் 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்டது. அச்சட்டத்தின் வழியிலே தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும். ஆகையால் ஒரு துண்டுக் காணியின் உறுதியைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால், தாய், தாயின் தாய் என்று பெண்வழிப் பெயர்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். ஆண்களின் பெயரை உத்தியோக நிரல் காத்தது. பெண்களின் பெயரைச் சீதன உறுதி காத்தது.

இவை யாவற்றிற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. காணியுடையார்க்கு உறுதி உண்டு. பதவியுடையார்க்கு நிரல் உண்டு. கோயிலுக்குப் பொருள் கொடுத்தார்க்குக் கல்வெட்டு உண்டு. காணியும் பதவியும் பொருளும் இல்லாதார்க்கு என்ன உண்டு என்னும் வினாவுக்கு விடை தேடுவோர், கொழும்பை விட்டு மலைநாட்டின் பக்கம் நோக்குதல் வேண்டும்.

குமாரசுவாமி முதலியார் சட்டசபையில் அமர்ந்த அதே காலப்பகுதியிலே, கண்டி மலைகளிற் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்வதற்குத் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். தோணியிலே கடலைக் கடந்து மன்னார்ப் பக்கத்திற் கரையிறங்கி, தண்ணீரும் நிழலும் அருகிய காட்டுவழியாக மாத்தளை வரையிற் கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டவர் பலர். கோப்பி மரங்களை 1869ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்ட இலைநோய் அழித்தபின் தேயிலை வந்தது. தேயிலையோடு நிரந்தரக் குடியிருப்பும் வந்தது. அவ்வாறு வந்தவர்களுள் ஒரு பகுதியினர் கொழும்புத் துறைமுகத்திலும், நகரசபைச் சுத்திகரிப்பு வேலையிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வெள்ளவத்தையில் அமைந்த நூற்பு நெசவு ஆலையிலும் தொழில் செய்தனர்.

இவர்களைப் பற்றியும் எழுத்து இருந்தது. தோட்டத்துச் செக்றோலிலே பெயர் இருந்தது. ஆனால் அது அன்றன்று வேலைக்கு வந்தவரைக் கணக்கிடும் பெயர். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போவோருக்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு இருந்தது; ஆனால் அது கங்காணி கணக்கில் நின்ற கடன் இவ்வளவு என்பதைக் காட்டும் சீட்டு. கடனை எழுதுவதற்குத் தாள் இருந்தது. இன்ன ஊரில், இன்னாருக்கு மகனாக, இன்ன நாளிற் பிறந்தவர் என்று எழுதுவதற்குத் தாள் இருக்கவில்லை. முத்துக்குமாரசுவாமி இலண்டனிலே நூல் வெளியிட்ட அதே 1863ஆம் ஆண்டிலே மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்த ஒரு குழந்தையின் பிறப்பு, அநேகமாக, எவ்வேட்டிலும் ஏறாமலே போயிருக்கும்.

முன்னோர் வரலாறு தெரியாமற் போவது பொதுவாக மனவருத்தத்துக்குரிய காரியமேயன்றித் தண்டனைக்குரியதன்று. ஆனால் இந்நாட்டிலே ஒரு காலம் வந்தது. அப்போது பூட்டனின் பிறப்பிடத்தை நிரூபிக்க இயலாமை ஒரு மனிதனின் உரிமையையே பறித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் மாதம் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, அந்நாளுக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழியாற் பிரசையாவதற்குத் தம் தந்தையார் இலங்கையிற் பிறந்தவர் என்று காட்டல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்று காட்டல் வேண்டும். தாம் இங்கே பிறந்தது மட்டும் போதாது.

1900ஆம் ஆண்டிலே ஒரு தேயிலைத் தோட்டத்திற் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தையார் 1875ஆம் ஆண்டளவிற் பிறந்திருப்பார். பதிவு கட்டாயமானதோ 1897இல். ஆகவே தந்தையாரின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் எங்கே என்று கேட்டால், அவர் என்ன விடை கூறுவார்? பாட்டனுக்கும் பூட்டனுக்கும் பத்திரம் எங்கே என்றால், பதிவு முறையே அப்போது தொடங்கியிருக்கவில்லை. அரசாங்கம் தான் எழுதாத ஏட்டை மக்களிடம் காட்டும்படி கேட்டது. கெருடாவிலிற் பிறந்த குமாரசுவாமி முதலியாருக்கும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் வழிவந்தாரை அதற்காக எவரும் வினவியிரார். பத்திரம் இல்லாமை இருவருக்கும் ஒன்றே. அதன் விளைவு மட்டும் ஒன்றாகவில்லை.

அச்சட்டம் தந்தைவழியை மட்டுமே நோக்கியது என்பதும் கவனிக்கத்தக்கது. சேர் முத்துக்குமாரசுவாமி இறந்தபின் சட்டநிரூபண சபையிலே அவருடைய இடத்துக்கு 1879இல் நியமனம் பெற்றவர் அவர் தமக்கை மகனாகிய இராமநாதன். பாட்டன் இருந்த ஆசனம் மகனுக்கும், பின்னர் மகள் வயிற்றுப் பேரனுக்கும் வந்தது. ஒரு குடும்பத்தின் தொடர்ச்சி மகள் வழியாகவும் செல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. சட்டமோ தாயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாய்க்கும் தந்தைக்கும் ஒத்த தகுதியைச் சட்டம் அளித்தது 2003ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே, இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கென வேறொரு சட்டம் வந்தது. அதன்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பஞ் செய்தனர். சுமார் 1,34,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர். வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைப் பதியுமாறு கேட்டு வழக்காடிய கோடகன்பிள்ளையின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் அங்கும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் மறுபடியும் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இறுதியாக, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964ஆம் ஆண்டின் அந்நாள் தொடக்கம் இந்நாட்டில் வசித்துவந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்கள் சந்ததியாருக்கும் பிரசாவுரிமை பெற வழிசெய்தது. மூன்று தலைமுறைச் சான்று கேட்ட ஒரு சட்டத்தின் விளைவு தீர்வதற்கு ஏறக்குறைய இரண்டு தலைமுறைக் காலம் சென்றது.

ஏடு உள்ளவர்களும் அதனை என்றைக்கும் தமதென்று நம்பியிருத்தல் இயலாது என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, 97,000 நூல்களோடு கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்துக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. வீட்டோடு அலமாரியும், அலமாரியோடு சாதகமும் உறுதியும் புகைப்படமும் போயின. ஒரு காலத்திலே ஏடுகளாற் பேணப்பட்ட குடும்பங்களும் அன்று ஏடற்றவர்களின் நிலைக்கு வந்தன. அதன்பின் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்த பிள்ளைகள் தம் முன்னோரைப் பற்றிக் கேட்கும் வினாக்களுக்கு, நினைவிலிருந்தே விடை கூறவேண்டியவர்களாகப் பெற்றோர் இருக்கின்றனர்.

ஆகவே தேடுவோர் தொடங்கவேண்டிய இடம் சுவடிக்கூடமன்று, வீட்டிலுள்ள முதியோரே. பெயர்களை முதலில் கேட்டெழுதல் வேண்டும்; ஆண்களின் பெயரோடு பெண்களின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் எழுதல் வேண்டும். எந்தக் கோயிலுக்குப் போனார்கள், எந்தக் குலதெய்வத்துக்குப் பொங்கினார்கள் என்று வினவுதல் வேண்டும். ஊர்ப் பெயர் மறந்தவருக்கும் குலதெய்வத்தின் பெயர் மறவாதிருத்தல் உண்டு. அதனைக்கொண்டு அக்கரையிலுள்ள ஊரைக் கண்டுபிடித்தல் கூடும். அதன் பின்னரே பதிவாளர் நாயகத்தின் அலுவலகம், காணிப் பதிவகம், தேவாலயப் பதிவேடு, பாடசாலை இடாப்பு, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் என்பவற்றை நாடுதல் வேண்டும். ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதையும், எழுதிய இலிகிதர் காதில் விழுந்தபடியே எழுதினார் என்பதையும் மனத்திற் கொண்டால் ஏமாற்றம் குறையும்.

குமாரசுவாமி முதலியாரின் குடிவழி நமக்குத் தெரிவது அவர் பெரியவராய் இருந்தமையால் மட்டுமன்று, எழுதப்பட்டமையாலும் ஆகும். அவர் காலத்திலே மன்னார்க் காட்டுவழியால் நடந்து வந்தவர்களுக்கும் தந்தையார் இருந்தார். பாட்டனாரும் பூட்டனாரும் இருந்தனர். அவர்களுக்கெல்லாம் பெயரும் இருந்தது. எழுதுகோலைக் கையில் வைத்திருந்தவர்கள் அப்பெயர்களைக் கேட்கவில்லை. வரலாறு இல்லாத குடும்பம் என்று ஒன்றில்லை. கேட்கப்படாத குடும்பங்களே உள. எவருடைய பெயரும் எழுதப்படாமற் போகாதபடி எழுதிவைத்தல், இன்று எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.